பெட்டிக்கு ஏற்ற வாழை

கம்பம் பள்ளத்தாக்குக்குள் அந்தக் கன்டெய்னர் காலியாகத்தான் நுழைகிறது. தூத்துக்குடியில் புறப்பட்டு எட்டயபுரம், அருப்புக்கோட்டை, மதுரைப் புறவழி, உசிலம்பட்டி என்று வந்து, ஆண்டிபட்டிக் கணவாயில் முக்கி முனகி ஏறி இறங்கி, தேனி, வீரபாண்டி தாண்டி, சின்னமனூர்ப் பக்கம் ஒரு பேக்கிங் கொட்டகையின் வாசலில் பின்பக்கமாக ஒட்டி நிற்கும். இருநூறு கிலோமீட்டருக்கு மேல் வெறும் காற்றைச் சுமந்து வந்த வண்டி. அந்த டீசலுக்கும் வாழைக்காய்தான் பணம் கட்ட வேண்டும். ஏற்றுமதிச் செலவைப் பற்றிப் பேசுகிறவர்கள் எடுத்ததும் கப்பல் கட்டணத்தைச் சொல்வார்கள். இந்தக் காலி ஓட்டம் கடைசியில்தான் பேச்சில் வரும்.

நாற்பது அடி நீளம், எட்டடி அகலம், ஒன்பதரை அடி உயரம். காலியாக நிற்கும்போதே நாலரை டன் எடை. இரண்டு தகடுகளுக்கு நடுவில் நுரை அடைத்த சுவர், நெற்றிப் பக்கம் குளிரூட்டும் இயந்திரம், பின்பக்கம் இரட்டைக் கதவு. தொழிலில் இருப்பவர்கள் இதை ரீஃபர் என்பார்கள். டீக்கடையில் கேட்டால் ஏசி கன்டெய்னர்.

பக்கவாட்டில் நான்கு எழுத்தும் ஏழு இலக்கமும் எழுதியிருக்கும். முதல் மூன்று எழுத்து சொந்தக்காரர் யார் என்று சொல்லும். நான்காவது எழுத்து, சரக்குப் பெட்டி என்பதைக் குறிக்கும் ‘யு’. இந்த எழுத்துகளைப் பதிவு செய்து கொடுக்கும் அமைப்பு 1933இல் பாரிஸில் தொடங்கியது. ஏழாவது இலக்கத்தை மட்டும் ஒரு சின்னக் கட்டத்துக்குள் அடைத்திருப்பார்கள். அதற்கு முன்னால் இருக்கும் பத்துக்கும் தனித்தனி மதிப்பு வைத்து, இரண்டின் அடுக்குகளால் பெருக்கிக் கூட்டி, பதினொன்றால் வகுத்தால் மிஞ்சும் எண் அது. கேட்டில் நிற்கும் பையன் ஓர் இலக்கத்தை மாற்றி எழுதினாலும் கணக்கு இடறி, கணினி முறைத்துப் பார்க்கும். கீழே ‘45ஆர்1’ என்று இன்னொரு குறி. நாற்பதடி நீளம், ஒன்பதரை அடி உயரம், குளிரூட்டும் வகை என்பது அதன் பொருள். உலகத்தில் எந்தத் துறைமுகத்தில் காட்டினாலும் இதே பொருள்தான்.

இப்படிப்பட்ட பெட்டிகளில் பெரும்பாலானவை பிறப்பது சீனாவில். அங்கிருந்து கிளம்பினால் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு கடலிலேயே காலம் ஓடிவிடும். பிறந்த ஊருக்கு ஒரு முறை திரும்பிப் போகலாம், போகாமலும் இருக்கலாம். நம் கொட்டகை வாசலில் நிற்கிற பெட்டி போன பயணத்தில் உறைந்த இறாலைச் சுமந்திருக்கக்கூடும். இறாலுக்குக் கழித்தல் 18 டிகிரி வேண்டும். வாழைக்குக் கூட்டல் பதின்மூன்றரை. இரண்டையும் ஒரே இயந்திரம் தருகிறது, ஒரு பொத்தானில் எண்ணை மாற்றினால் போதும். வாடைதான் பிரச்சினை. கழுவி, காயவைத்து, இயந்திரத்தை ஓட்டிச் சோதித்த பிறகே துறைமுகத்துப் பெட்டி முற்றத்தில் இருந்து விடுவார்கள். ஆனாலும் அனுபவப்பட்ட மேஸ்திரி கதவு திறந்ததும் முதலில் உள்ளே தலையை விட்டு மோந்து பார்ப்பார். பிறகுதான் தரையைப் பார்ப்பார்.

அந்தத் தரையைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். பலகை கிடையாது. ‘டி’ எழுத்தைப் போல மேலே பட்டையும் கீழே தண்டுமாக அலுமினியக் கம்பிகள் நீளவாக்கில் ஓடும். குளிர்காற்று மேலிருந்து விழுவதாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். அது இந்தக் கம்பிகளின் இடைவெளியில் தரையோடு தரையாக ஓடி, அட்டைப்பெட்டிகளின் அடிக்கண் வழியே நுழைந்து, காய்களின் சூட்டை வாங்கிக்கொண்டு, மேல்கண் வழியே வெளியேறி, கூரையோரமாக இயந்திரத்துக்குத் திரும்புகிறது. அதனால் பெட்டி அடுக்குகிறவன் ஓட்டைக்கு ஓட்டை நேராக வைக்க வேண்டும். செங்கல் கட்டுவதுபோல மாற்றி மாற்றி அடுக்கினால் பார்க்க உறுதியாக இருக்கும், காற்று செத்துவிடும். தரையில் ஒரு முழம் வெறுமையாக விட்டாலும் காற்று சுலபமான வழியைப் பார்த்து அங்கேயே மேலே போய்விடும், மூலையில் உள்ள காய் சூடாகவே கிடக்கும். சுவரில் ஒரு சிவப்புக் கோடு உண்டு. அதற்கு மேல் ஓர் அட்டைகூட ஏறக் கூடாது.

இன்னொரு சங்கதி, புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் தடுக்கி விழும் இடம். ரீஃபர் என்பது குளிரவைக்கிற பெட்டி இல்லை. குளிர்ந்ததைக் குளிர்ச்சியாக வைத்திருக்கிற பெட்டி. வெயிலில் வெட்டிய காயை நேரே ஏற்றிவிட்டு, ‘அதுதான் ஏசி இருக்கிறதே’ என்று இருந்தால் நடுவில் இருக்கும் காய் குளிர்வதற்குள் நாட்கள் ஓடிவிடும். கொட்டகையை ஒட்டிய குளிர் அறையில் முதலில் காயின் உள்சூட்டை இறக்க வேண்டும். ஏற்றும்போது பெட்டியின் இயந்திரத்தையும் நிறுத்திவைப்பார்கள். கதவைத் திறந்துவைத்து ஓட்டினால் வெளியே இருக்கும் ஈரக்காற்றை இழுத்து, உள்ளே எல்லாவற்றையும் வியர்க்கவைத்துவிடும்.

எட்டடி அகலம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அமெரிக்கச் சாலைச் சட்டம் என்று பதில். அந்த நாட்டு நெடுஞ்சாலையில் அப்போது அதற்கு மேல் அகலமான வண்டி ஓடக் கூடாது. மால்கம் மெக்லீன் என்ற லாரி முதலாளி, லாரியின் உடலை மட்டும் கழற்றிக் கப்பலில் வைத்தால் என்ன என்று யோசித்தார். பழைய எண்ணெய்க் கப்பல் ஒன்றின் மேல்தளத்தைத் திருத்தி, 1956 ஏப்ரல் 26இல் நியூவார்க்கில் இருந்து ஹூஸ்டனுக்கு 58 பெட்டிகளை அனுப்பினார். கப்பலின் பெயர் ‘ஐடியல்-எக்ஸ்’. அந்தப் பெட்டிகள் 33 அடி. இன்னொரு கம்பெனி 24 அடியில் செய்துகொண்டிருந்தது. ஆளுக்கு ஓர் அளவு என்றிருந்ததை 1960களில் ஐஎஸ்ஓ கூட்டங்களில் பேசிப் பேசி 20, 40 என்று கொண்டுவந்தார்கள். இதில் என் கண்ணுக்குப் பெரிதாகப் படுவது நீள அகலம் அல்ல. எட்டு மூலைகளிலும் உள்ள வார்ப்பெஃகுக் குமிழும் அதிலுள்ள நீள்வட்ட ஓட்டையும்தான். கீத் டான்ட்லிங்கர் என்ற பொறியாளர் வடிவமைத்தது. அந்த ஓட்டையில் ஒரு பூட்டை நுழைத்துத் திருகினால் லாரியோடும் கப்பலோடும் கீழிருக்கும் பெட்டியோடும் கவ்விக்கொள்ளும். மெக்லீனின் கம்பெனி அந்தக் காப்புரிமையைக் காசு கேட்காமல் உலகத்துக்கு விட்டுக்கொடுத்தது. அதனால்தான் கம்பத்துச் சாலையில் ஓடும் டிரெய்லரில் எந்த நாட்டுப் பெட்டி வந்தாலும் உட்காருகிறது.

பள்ளத்தாக்கு இதற்கு முன்பே ஒரு பெட்டியைக் கடலுக்கு அனுப்பியிருக்கிறது. மூணாறுத் தேயிலை. 1900களின் தொடக்கத்தில் மரப்பெட்டிகளில் அடைத்த தேயிலை, குண்டளை வழியாகக் குட்டி ரயிலில் டாப் ஸ்டேஷன் வரை வரும். 1902இல் அது ஒற்றைத் தண்டவாளம். 1908இல் குறும்பாதை ஆனது. மலை உச்சியில் இருந்து தேயிலைப் பெட்டி கம்பியில் தொங்கியபடி கொட்டகுடிக்கு இறங்கும். அங்கிருந்து மாட்டுவண்டியில் போடிநாயக்கனூர், பிறகு சமவெளி, பிறகு ரயில், பிறகு தூத்துக்குடி. அந்தக் காலத்துத் தூத்துக்குடியில் கரையோரம் ஆழம் பற்றாது. கப்பல் பல மைல் தள்ளி நிற்கும், தோணியில் ஏற்றிக் கொண்டுபோக வேண்டும். சீமைக்குப் போய்ச் சேருவதற்குள் ஒரு பெட்டியை எத்தனை தோள் தூக்கியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். ரயிலில் இருந்து கம்பிக்கு, கம்பியில் இருந்து வண்டிக்கு, வண்டியில் இருந்து ரயிலுக்கு, அதிலிருந்து தோணிக்கு, தோணியில் இருந்து கப்பலுக்கு. ஒவ்வொரு மாற்றத்திலும் கூலி, தாமதம், உடைசல், கொஞ்சம் களவு. 1924 வெள்ளம் அந்தக் குட்டி ரயிலை அடித்துக்கொண்டு போனது. போடிக்கு ரயில் வந்தது 1928இல். தேயிலை வேறு வழி பார்த்துக்கொண்டது. இன்றைய பெட்டி மிச்சப்படுத்துவது பெரும்பாலும் இந்தத் தோள்களைத்தான். நல்லதா கெட்டதா என்பது நீங்கள் தோளின் பக்கமா, சரக்கின் பக்கமா என்பதைப் பொறுத்தது.

இந்தியா கண்ட முதல் கன்டெய்னர் கப்பல் என்று சொல்லப்படும் ‘பிரசிடென்ட் டைலர்’ 1973இல் வந்து நின்றதும் நம் மலைக்கு அந்தப் பக்கம், கொச்சியில்தான். அடுத்த ஆண்டு தூத்துக்குடி பெருந்துறைமுகம் என்று அறிவிக்கப்பட்டது. கன்டெய்னருக்கென்றே தனி முனையம் அங்கே வர 1990களின் கடைசி ஆகிவிட்டது.

சரி, வாழைக்கு வருவோம். உலகத்தில் விளையும் வாழையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு இந்தியாவில் விளைகிறது. அதில் கப்பல் ஏறுவது சொற்பம். ஏறுகிற சொற்பத்தில் பெரும்பகுதி ஒரே ரகம். கிராண்ட் நெய்ன், தோட்டத்துப் பேச்சில் ஜி9. திசு வளர்ப்புக் கன்று. அமெரிக்கர்கள் ஒரு காலத்தில் தின்றது இது அல்ல, குரோ மிஷேல் என்ற தடித்தோல் ரகம். அதை முழுத் தாராகவே கப்பலில் அடுக்கி அனுப்பினார்கள். பனாமா வாடல் நோய் அதை ஒழித்தபோது நோய் தாங்கும் கேவண்டிஷ் வகைக்கு மாறினார்கள். அதன் தோலோ மெல்லியது, தாராக அனுப்பினால் கன்றிப்போகும். அப்போதுதான் சீப்பாக வெட்டி அட்டையில் வைக்கும் வழக்கம் வந்தது. ரகம் மாறியதால் அட்டைப்பெட்டி வந்தது. அட்டைப்பெட்டி வந்த பிறகு ரகம் மாறவே முடியாமல் போனது. ஜி9 அந்தக் கேவண்டிஷ் குடும்பத்துப் பிள்ளை.

அட்டையின் அளவு ரீஃபரின் அகலத்துக்குக் கட்டுப்பட்டது. சீப்பின் அளவு அட்டைக்குக் கட்டுப்பட்டது. காயின் நீளமும் கனமும் சீப்புக்குக் கட்டுப்பட்டவை. இப்படியே பின்னால் நடந்துபோனால் தோட்டத்துக்குள் போய் நிற்கிறோம். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் தோப்பில் தார்களுக்கு நீலச் சட்டை மாட்டியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். தோலில் கீறல் விழாமலும் பூச்சி அண்டாமலும் இருக்கப் போட்ட உறை அது. பூவை ஒடித்த வாரத்துக்கு ஒரு நிற ரிப்பன் கட்டிவிடுகிறார்கள். எந்த நிறம் எப்போது வெட்டு என்று கணக்கு. அடியில் வரும் சூம்பிய சீப்புகளை முன்கூட்டியே கழித்துவிடுவார்கள், மிச்சமுள்ளவை பெட்டி கேட்கும் கனத்துக்கு வரட்டும் என்று. வெட்டுக்கு முன் கேலிப்பரைக் காயின் நடுவில் வைத்துப் பார்க்கிறார்கள். முக்கால் முற்றலுக்குக் கொஞ்சம் மேல். முழு முற்றல் வந்த காயைக் கப்பல்காரன் தொடமாட்டான், கடல் நடுவில் பழுத்துவிடும். நம் பாட்டன்மார் எதை விளைந்த தார் என்று பெருமையாகத் தோளில் வைத்தார்களோ, அது இங்கே கழிவு.

வெட்டு நாளைக்கூடக் கப்பல்தான் குறிக்கிறது. இந்தக் கிழமை இத்தனை மணிக்குள் பெட்டி துறைமுக வாசலைத் தாண்ட வேண்டும் என்று ஒரு கெடு வரும். அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, இன்று காலை வெட்டு. அஷ்டமி நவமி பார்க்கிறவர்களும் கெடுவைப் பார்த்துவிட்டுத்தான் பஞ்சாங்கத்தைப் பார்க்கிறார்கள். டிரெய்லர் தோட்டத்துப் பாதைக்குள் நுழையாது; குட்டியானை வண்டியில் ஸ்பாஞ்ச் விரித்துத் தாரையோ சீப்பையோ கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். அங்கே தொட்டித் தண்ணீரில் படிகாரம். வெட்டுவாயில் வடியும் பால் காயில் பட்டால் கறுத்துவிடும், அதைக் கழுவ. பெண்கள் மிதக்கும் சீப்புகளைப் பொறுக்கித் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார்கள். கீறல், தழும்பு, இரட்டைக் காய், வளைவு மிகுந்தது எல்லாம் ஒரு பக்கம் போய்விடும். மிஞ்சியது தராசுக்கு வரும். அரபு நாடுகளுக்குப் போகும் அட்டை ஒன்றுக்கு 13 கிலோ சொச்சம். பாலித்தீன் பையில் வைத்து, காற்றை உறிஞ்சி, வாயைக் கட்டி மூடுவார்கள். நாற்பதடிப் பெட்டி ஒன்றில் இப்படி ஆயிரத்தைந்நூறு அட்டைக்கு மேல் அடங்கும். ஏறத்தாழ 20 டன்.

வாழைக்காயில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். அப்படியானால் ஒரு பெட்டிக்குப் பதினைந்து டன் தண்ணீர் பள்ளத்தாக்கை விட்டுப் போகிறது. 1895இல் பொறியாளர் பென்னிகுக் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பிய முல்லைப்பெரியாற்றுத் தண்ணீரும், சுருளியாறும், கிணறும் போர்வெல்லும் சேர்ந்து ஊட்டியது. நீருக்கு யாரும் சரக்குச் சீட்டில் விலை போடுவதில்லை.

கதவை மூடிப் பூட்டு முத்திரை போட்டதும் பெட்டி வேறு ஆளாகிவிடும். டிரெய்லரில் மாட்டிய ஜென்செட் உறுமத் தொடங்கும். உள்ளே 13 டிகிரிக்குக் கீழே போனால் தோல் சாம்பல் பூத்துவிடும், பிறகு எத்தனை நாள் வைத்தாலும் மஞ்சள் ஏறாது. மேலே போனால் பழுக்கத் துணியும். காய் உயிரோடுதான் இருக்கிறது. மூச்சுவிடுகிறது, கரியமில வாயுவும் எத்திலீனும் விடுகிறது. அதனால் முகப்பில் ஒரு சின்ன வட்டக் காற்றுவழியைத் திறந்துவைக்க வேண்டும். ஆயிரத்தைந்நூறு அட்டையில் எங்கோ ஒரு காய் அடிபட்டுப் பழுத்தால் அதன் எத்திலீன் பக்கத்துக் காயை எழுப்பும், அது அடுத்ததை. நம் ஊரில் பானைக்குள்ளும் குழிக்குள்ளும் தாரை வைத்து மூட்டம் போடுவது இதே வாயுவை வரவழைக்கத்தான். ரீஃபர் என்பது மூட்டத்துக்கு நேர் எதிர் வேலை.

இரவோடு இரவாக ஓட்டுவார்கள். ஆண்டிபட்டிக் கணவாயில் ஆடிக்காற்று அடிக்கும் மாதங்களில் உயரமான பெட்டியைப் பிடித்துத் தள்ளும் என்று டிரைவர்கள் சொல்வதுண்டு. தூத்துக்குடியில் பெட்டியை மின்செருகியில் மாட்டி நிறுத்துகிறார்கள். சுங்கம், தாவர நலச் சான்று எல்லாம் காகிதத்தில் நடக்கும். எடையை மட்டும் ஏய்க்க முடியாது. 2016 ஜூலையில் இருந்து எடை சரிபார்த்த பெட்டியைத்தான் எந்தக் கப்பலும் ஏற்றும். அங்கிருந்து பெரும்பாலும் கொழும்பு. சிறிய கப்பல் கொண்டுபோய் இறக்க, பெரிய கப்பல் எடுத்துக்கொண்டு துபாயின் ஜபல் அலிக்குப் போகும். கொழும்பில் இறங்கி ஏறியதை உள்ளே இருக்கும் காய் உணராது. திருகுபூட்டு திறந்து, கிரேன் தூக்கி, மறுபடி பூட்டியது, அவ்வளவுதான். தேயிலைப் பெட்டியின் அத்தனை தோள்களுக்குப் பதில் இந்த ஒரு திருகல்.

ஐரோப்பா இன்னும் தூரம், பயணம் ஒரு மாதத்தைத் தொட்டுவிடும். திருச்சியில் உள்ள தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இத்தாலியின் ட்ரியெஸ்தே துறைமுகத்துக்கு ஜி9 காயைச் சோதனையாகக் கடல்வழி அனுப்பிப் பார்த்திருக்கிறது. அறிவியல் கைகொடுக்கும். ஆனால் செங்கடலில் ஒரு கலகம் வந்தாலோ, 2021இல் ‘எவர் கிவன்’ சூயஸ் கால்வாயில் குறுக்கே சிக்கியதுபோல ஏதாவது நடந்தாலோ, கணக்கு முழுக்கப் போச்சு. நம்மோடு போட்டி போடும் தென் அமெரிக்கக்காரன் அந்த வழியே வருவதில்லை.

துபாயில் கதவைத் திறக்கும்போது காய் பச்சையாக இருக்க வேண்டும். அங்கே பழுக்கவைக்கும் அறையில் எத்திலீன் கொடுத்து, சூட்டைக் கூட்டி, மூன்று நான்கு நாளில் கடைக்கு ஏற்ற மஞ்சளாக்குவார்கள். கெட்டிருந்தால் புகைப்படம் வாட்ஸ்அப்பில் வரும், கூடவே விலைக் கழிவு. அப்போது பெட்டிக்குள் இருக்கும் பதிவுக் கருவியைப் பிடித்து எந்த மணியில் எத்தனை டிகிரி இருந்தது என்று பார்க்கிறார்கள். கப்பல் கம்பெனியின் குற்றமா, ஏற்றியவரின் குற்றமா என்று அது சொல்லும். வெட்டியதில் இருந்து குளிர் அறைக்கு வரும்வரை வெயிலில் கிடந்த நேரத்துக்கு மட்டும் எந்தப் பதிவும் கிடையாது, அந்தப் பழி சுலபமாகத் தோட்டத்துக்காரர் தலையில் வந்து விழுகிறது. இது எனக்கு நியாயமாகப் படவில்லை. ஒரு சாதாரண வெப்பமானியைக் குட்டியானையிலேயே வைத்தால் பாதித் தகராறு தீரும்.

பெட்டிக்குள் போகாதவையும் இங்கே ஏராளம். செவ்வாழைத் தார்கள் சருகு மெத்தையில் நின்றபடி குமுளி வழியாகக் கேரளத்துக்கு லாரியில் போகின்றன. நாழிப்பூவன், ரஸ்தாளி எல்லாம் ஏலக்கடைக்கு. இவற்றுக்கு அளவு சொல்லும் உலகச் சட்டம் இல்லை, முகூர்த்தமும் ஆயுத பூஜையும்தான் விலை சொல்கின்றன. ஜி9 விலை சரிந்த மாதத்தில் செவ்வாழைக்காரர் சிரிப்பார். அடுத்த மாதம் ஆடிக்காற்றில் உயரமான செவ்வாழை சாய, குட்டை ஜி9காரர் தப்பிப்பார். முழுத் தோட்டத்தையும் பெட்டிக்கே எழுதிக்கொடுத்துவிடாமல் கொஞ்சம் செவ்வாழையும் வைத்திருப்பவர்களைத்தான் நான் கெட்டிக்காரர்கள் என்பேன்.

கம்பத்துப் பன்னீர் திராட்சைதான் பரிதாபம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது, ஆண்டு முழுக்கக் காய்ப்பது, மணமோ ஊரைத் தூக்கும். ஆனால் தோல் மெல்லியது, பறித்தால் சில நாள்தான் தாங்கும். கடல் பயணத்துக்குத் துணியாது. விலை சரியும் வாரத்தில் கேட்ட விலைக்குக் கொடுத்துவிட்டு வரவேண்டியதுதான். அதற்கு உதவக்கூடியது கடலில் ஓடும் ரீஃபர் அல்ல, ஓடி ஓய்ந்தது. பன்னிரண்டு, பதினைந்து ஆண்டு முடிந்ததும் கப்பல் கம்பெனிகள் பழைய ரீஃபர்களை விற்றுவிடுகின்றன. சுவர் நன்றாக இருந்து இயந்திரமும் ஓடினால் அதுவே ஒரு குளிர் அறை. சுருளிப்பட்டியிலோ கூடலூரிலோ நாலைந்து தோட்டக்காரர்கள் சேர்ந்து ஒன்றை வாங்கிக் களத்து மேட்டில் இறக்கிவைத்தால், விலை விழுந்த வாரத்தைத் தாண்டும்வரை திராட்சையைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கலாம். மும்முனை மின்சாரம் வேண்டும், மின்வெட்டுக்கு ஜென்செட் வேண்டும், மாதக் கட்டணத்தை யார் எந்த விகிதத்தில் கட்டுவது என்று முதலிலேயே பேசிக்கொள்ள வேண்டும். வாங்கப் போகிறவர்கள் கதவு ரப்பரையும் தரைக்கம்பியையும் பார்த்து வாங்குங்கள். பெயின்ட்டைப் பார்த்து ஏமாற வேண்டாம்.